சிவப்பு விளக்கு சிமிட்டினால்

உட்காருங்கள், டீ சொல்லியிருக்கிறேன். பெட்டியை மேஜைமேல் வையுங்கள். ஸ்க்ரூடிரைவர் இப்போதைக்கு வேண்டாம்.

பழைய வீடியோ கேம் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, டிவியில் மாட்டிப் பார்த்து, ஓடவில்லை என்றதும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "உள்ளே ஐ.சி. போயிடுச்சு." ஐ.சி. அவ்வளவு சீக்கிரம் போகாது. கரண்ட் தாறுமாறாக ஏறினால் ஒழிய, நாற்பது வயதான சிப்கள் முதல் நாள் செய்த வேலையை இன்றும் செய்துகொண்டிருக்கின்றன. கெடுவதெல்லாம் வேறு இடங்கள். உலோகம் உலோகத்தைத் தொடும் இடம், ஒயர் மடங்கும் இடம், கரண்ட் உள்ளே நுழையும் இடம். இந்த மூன்றையும் பார்க்காமல் சாலிடரிங் அயர்னைச் சூடுபண்ணுகிற மெக்கானிக்கிடம் பெட்டியைக் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் கையிலிருப்பது எது என்று பார்த்துக்கொள்வோம். நம் பக்கத்துப் பரண்களில் பெரும்பாலும் இரண்டு வகைதான் கிடைக்கும். ஒன்று, அமெரிக்காவிலிருந்த சொந்தக்காரர் யாரோ கொண்டுவந்த நின்டெண்டோ என்.இ.எஸ். சாம்பல் நிறம், முன்பக்கம் ஒரு மூடி, பார்த்தால் வி.சி.ஆர். என்றே நினைப்பீர்கள். இன்னொன்று, தொண்ணூறுகளில் 'டிவி கேம்' என்று நாம் கூப்பிட்ட நகல் பெட்டி. மேலே ஒட்டிய பெயர் மீடியா, லிட்டில் மாஸ்டர், சாமுராய் என்று எதுவாக இருந்தாலும் உள்ளே இருந்தது ஒரே சரக்கு. 1983 ஜூலையில் ஜப்பானில் வெளிவந்த நின்டெண்டோ ஃபேமிகாமின் நகல் அது. என்.இ.எஸ்.ஸும் அதே ஃபேமிகாம்தான், சட்டை மாற்றிக்கொண்டு அமெரிக்கா போனது. ஆகவே இரண்டுக்கும் வைத்தியம் பெருமளவு ஒன்றே.

சட்டை மாற்றியதில்தான் வம்பு வந்தது. மசாயுகி உயெமுரா வடிவமைத்த ஃபேமிகாமில் கேசட்டை மேலிருந்து செருகுவீர்கள். அறுபது பின், நேராக இறங்கும், இறுக்கமாகப் பிடிக்கும், அவ்வளவுதான். ஆனால் 1983இல் அமெரிக்காவில் வீடியோ கேம் வியாபாரமே படுத்துவிட்டது. கடைக்காரர்கள் அந்தச் சாமானை அலமாரியில் வைக்கவே யோசித்தார்கள். அதனால் இது விளையாட்டுப் பெட்டியாகத் தெரியக்கூடாது என்று நின்டெண்டோ முடிவு செய்து, வி.சி.ஆரில் கேசட் போடுவதுபோல முன்னால் நுழைத்துக் கீழே அமுக்கும் அமைப்பைக் கொண்டுவந்தது. 1985 அக்டோபரில் நியூயார்க்கில் விற்பனைக்கு வந்தது அந்த வேஷம்தான். வியாபாரத்துக்கு உதவியது. ரிப்பேருக்கு வருகிற என்.இ.எஸ். பெட்டிகளில் பெரும்பாலானவை அந்த வேஷத்தால்தான் வருகின்றன. அங்கே போகும் முன் கரண்டைப் பார்த்துவிடுவோம்.

சுவிட்சைப் போட்டால் விளக்கே எரியவில்லை என்றால், சந்தேகப்பட வேண்டியது பெட்டியை அல்ல, அடாப்டரை. அமெரிக்க அடாப்டர் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் சுவரில் வருவது 230. கடையில் கிடைக்கும் மாற்று பிளக் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. அப்படி நேராகச் செருகிய அடாப்டர் கருகிப்போயிருக்கும். மோந்து பார்த்தாலே தெரியும்.

கருகாத அடாப்டரை மல்ட்டிமீட்டரில் சோதிக்கும்போதும் ஒரு பொறி இருக்கிறது. என்.இ.எஸ். அடாப்டர் கொடுப்பது 9 வோல்ட் ஏ.சி. அதை டி.சி.யாக மாற்றுகிற டயோடு பிரிட்ஜ் பெட்டிக்குள்ளே இருக்கிறது. மீட்டரை டி.சி.யில் வைத்துத் தொட்டால் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். நல்ல அடாப்டரைக் குப்பையில் போட்டுவிடுவீர்கள். மீட்டரை ஏ.சி.க்குத் திருப்பிவிட்டுத் தொடுங்கள். உள்ளே பிரிட்ஜ் இருப்பதால் இன்னொரு வசதியும் உண்டு: ஒரு ஆம்பியருக்குக் குறையாத, முனை பொருந்துகிற 9 வோல்ட் டி.சி. அடாப்டரை நம்மூர்க் கடையில் வாங்கிப் போட்டாலும் என்.இ.எஸ். ஏற்றுக்கொள்ளும். பிளஸ் உள்ளேயா மைனஸ் உள்ளேயா என்ற கவலை அதற்கு இல்லை.

ஃபேமிகாமுக்கும் நகல்களுக்கும் அந்தக் கவலை உண்டு. அவை டி.சி. மட்டும் சாப்பிடும். அசல் ஃபேமிகாமில் நடு முனை மைனஸ், நாம் பழகிய பெரும்பாலான அடாப்டர்களுக்கு நேர் எதிர். நகல் பெட்டியில் ஒன்றுக்கொன்று மாறும் என்பதால், பெட்டியின் அடியில் வட்டமும் புள்ளியுமாக வரைந்திருக்கும் குறியைப் பார்க்காமல் எதையும் மாட்டாதீர்கள். என்.இ.எஸ்.ஸின் ஏ.சி. அடாப்டரை இதில் செருகுவது தற்கொலை. சிப் உண்மையிலேயே போகிற சில சந்தர்ப்பங்களில் இது ஒன்று.

அடாப்டர் சரி, ஆனாலும் விளக்கு இல்லை என்றால் இப்போது திறக்கலாம். என்.இ.எஸ்.ஸின் அடியில் ஆறு ஸ்க்ரூ, சாதாரண நட்சத்திர ஸ்க்ரூடிரைவர் போதும். உள்ளே தகட்டில் அறைந்து ஒரு மூன்று கால் சாமான் நிற்கும். அதுதான் 7805 ரெகுலேட்டர். எழுத்து உங்களைப் பார்க்கிற மாதிரி பிடித்தால் இடக்கால் உள்ளே வருவது, நடுக்கால் கிரவுண்ட், வலக்கால் வெளியே போவது. மீட்டரின் கறுப்பை நடுக்காலில் வைத்து சிவப்பால் மற்ற இரண்டையும் தொடுங்கள். இடது பக்கம் ஏழெட்டு வோல்ட்டுக்கு மேல் எதுவாக வந்தாலும் சரி, வலது பக்கம் 5 வோல்ட் வர வேண்டும். வந்தால் கரண்ட் பிரச்சினை இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். இடதில் இருந்து வலதில் இல்லாவிட்டால் ரெகுலேட்டரை மாற்றிப் பாருங்கள். சென்னை ரிட்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் சில்லறைக் காசுக்கு எடுத்துத் தருவார்கள். புதியதும் கொதித்துக்கொண்டு 5 வோல்ட்டைத் தராமல் நின்றால், போர்டில் எங்கோ ஷார்ட் என்று அர்த்தம்.

விளக்கு எரிகிறது, படமும் வருகிறது, ஆனால் படத்தில் ஒரு மங்கல் பட்டை மெல்ல ஏறிக்கொண்டே இருக்கிறது, ஸ்பீக்கரில் 'ம்ம்' என்ற முனகல் என்றால் அது பெரிய கெப்பாசிட்டரின் வேலை. என்.இ.எஸ்.ஸில் அது 2200 மைக்ரோஃபாரட். சிப்பைப்போல அல்ல இது. வயதானால் உள்ளே ஈரம் வற்றும், ஏ.சி.யின் அலையைச் சமன்செய்யும் சக்தி போய்விடும். மாற்றும்போது உடம்பில் கோடு போட்ட பக்கம் மைனஸ் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

டீ வந்துவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள். இனிமேல்தான் விஷயமே.

என்.இ.எஸ். கொண்டுவருகிறவர்கள் சொல்லும் நோய்க்குறி ஒரே மாதிரி இருக்கும். ஆன் செய்தால் சிவப்பு விளக்கு நொடிக்கு ஒரு தரம் சிமிட்டுகிறது, திரையும் கூடவே விட்டுவிட்டு ஒளிர்கிறது. பார்க்கிறவருக்குப் பெட்டி கடைசி மூச்சு விடுவதுபோல் இருக்கும். உண்மையில் அது நன்றாக இருக்கிறது என்பதற்கான அத்தாட்சி. கேசட்டே போடாமல் ஆன் செய்து பாருங்கள், அப்போதும் சிமிட்டும், சிமிட்ட வேண்டும்.

காரணம், உள்ளே இருக்கும் ஒரு காவல் சிப். நின்டெண்டோ அனுமதிக்காத கம்பெனிகளின் கேசட்டுகள் ஓடக்கூடாது என்பதற்காக வைத்தது. பெட்டிக்குள் ஒன்று, ஒவ்வொரு கேசட்டுக்குள்ளும் அதன் ஜோடி ஒன்று. ஆன் செய்ததும் இரண்டும், இரண்டு பிள்ளைகள் ஒரே வாய்ப்பாட்டை ஒரே நேரத்தில் ஒப்பிப்பதுபோல, ஒரே கணக்கை ஒரே தாளத்தில் போட்டுக்கொண்டு வரும். ஒன்றின் விடை மற்றொன்றோடு ஒத்துப்போகும்வரை ஆட்டம் ஓடும். எங்காவது பிசகினால் பெட்டியின் சிப் "முதலிலிருந்து" என்று மொத்தத்தையும் ரீசெட் செய்துவிடும். நொடிக்கு ஒரு தரம் நடக்கும் அந்த ரீசெட்தான் சிமிட்டல். இந்தப் பூட்டை உடைக்க அடாரி கேம்ஸ் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திலிருந்து நிரலின் பிரதியையே வாங்கிப் பார்த்து, கோர்ட்டில் மாட்டிக்கொண்டு, 1992இல் மேல்முறையீட்டிலும் தோற்ற கதை தனி.

பூட்டு என்னவோ திருடனுக்கு வைத்தது. ஆனால் சிப்களின் பேச்சு போகிற பின்னில் அழுக்கு இருந்தாலும் அதற்குத் திருடனாகத்தான் தெரியும். அசல் கேசட்டையே உள்ளே விடாது. நம் டிவி கேமில் இந்தக் காவல் கிடையாது. ஃபேமிகாமிலேயே இல்லை. அதனால் அழுக்குக் கேசட்டுக்கு அது சிமிட்டாது, ஒரே நிறத் திரையைக் காட்டிக்கொண்டு சும்மா நிற்கும். நோய் ஒன்று, முகம் வேறு.

ஆக, கேசட்டிலிருந்து தொடங்குங்கள். வாய்ப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் வரிசையாகத் தங்கநிறப் பட்டைகள் தெரியும். பளபளப்பாகத்தான் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தொட்டு, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு இழுக்காமல், ஒவ்வொரு பட்டையின் நீளவாக்கில் அழுத்தித் தேயுங்கள். முதல் குச்சி கரி பிடித்ததுபோல் கறுத்துவிடும். இரண்டாவது சாம்பல் நிறமாகும். குச்சி வெள்ளையாகவே வெளியே வரும்வரை நிறுத்தக்கூடாது. பின்பக்கத்தையும் மறக்காதீர்கள், அங்கும் பாதிப் பட்டைகள் இருக்கின்றன. ஐ.பி.ஏ. என்று கேட்டால் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கொடுப்பார்கள், தொண்ணூறு சதவீதத்துக்குக் குறையாததாகப் பாருங்கள். கை கழுவும் சானிடைசர் ஜெல் வேண்டாம். அதிலிருக்கும் பிசுக்கு பட்டையில் தங்கிவிடும். பென்சில் அழிக்கும் ரப்பரைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். விடாப்பிடியான கறுப்புப் புள்ளிக்கு ஓரிரு இழுப்பு என்றால் சரி, தினமும் செய்தால் மேல்பூச்சே போய்விடும்.

ஊதலாமா என்று கேட்கப்போகிறீர்கள். ஊதாதவர் யார்? ஒசாகாவிலிருந்து ஓசூர் வரை எல்லாப் பிள்ளைகளும் கேசட்டில் ஊதித்தான் விளையாடினார்கள், பாதி நேரம் ஓடவும் செய்தது. ஓடியது ஊதியதால் அல்ல, எடுத்துத் திரும்பச் செருகியதால். செருகும்போது பின்னும் பட்டையும் உரசிக்கொள்கின்றன, அழுக்கில் ஒரு கீறல் விழுகிறது, தொடர்பு கிடைக்கிறது. ஊதியபோது போன எச்சில் ஈரம் மட்டும் பட்டையில் தங்கி, வருஷக்கணக்கில் அதை அரிக்கிறது. ஊத வேண்டாம் என்று நின்டெண்டோவே சொல்லிவந்தது. எந்தப் பிள்ளை கேட்டது!

கேசட் சுத்தமாகியும் சிமிட்டினால், மீதிக் குற்றம் அந்த வி.சி.ஆர். வேஷத்தில். 72 பின் கனெக்டர் என்பது போர்டின் விளிம்பில் செருகியிருக்கும் ஒரு கறுப்புச் சட்டம். கேசட்டைக் கஷ்டமில்லாமல் உள்ளே விட்டு, கீழே அமுக்கும்போது மட்டும் பின்கள் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பது யோசனை. சிலநூறு தரம் அமுக்கினால் பின்கள் வளைந்துகொடுக்கத் தொடங்கும், பிடி தளரும், தளர்ந்த இடத்தில் அழுக்கு உட்காரும்.

கனெக்டரைப் போர்டிலிருந்து இழுத்தால் வந்துவிடும், சாலிடர் எதுவும் இல்லை. அதைக் கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிஷம் போடுங்கள். வேடிக்கை பேசவில்லை, சமையல்கட்டில் சட்டியில் வைத்து வேகவைப்பதுதான். வெளியே எடுத்து ஒரு கேசட்டை அதில் பலமுறை செருகி உருவுங்கள், ஊறிய அழுக்கு உரசலில் வெளியே வரும். இன்னொரு தரம் கொதிக்க விட்டு, உதறி, ஒரு ராத்திரி முழுக்க ஃபேன் காற்றில் காயவிடுங்கள். ஈரம் துளியும் இல்லை என்று நிச்சயமான பிறகே மாட்ட வேண்டும். பின்கள் சோர்ந்து சாய்ந்திருந்தால் மெல்லிய ஊசியால் ஒவ்வொன்றாக, மயிரிழை அளவு மட்டும், மேலே நெம்பிவிடலாம்.

புது கனெக்டரும் விலைக்குக் கிடைக்கிறது. எனக்கு அதில் அவ்வளவு பிடித்தம் இல்லை. முதலைப்பிடியாகப் பிடிக்கும், கேசட்டை உருவுவதற்குள் கை சிவந்துவிடும். அசல் கனெக்டர் வேகவைத்துத் தேறினால் அதுவே மேல். இன்னொரு குறுக்கு வழியும் சொல்வார்கள்: காவல் சிப்பின் நான்காம் காலைத் தூக்கி கிரவுண்டில் இணைத்துவிட்டால் அது காவலை விட்டுவிடும், சிமிட்டல் நின்றுவிடும். உண்மைதான். ஆனால் அழுக்கு அப்படியே இருந்தால் சிமிட்டலுக்குப் பதில் அலங்கோலப் படம் வரும். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்யாதீர்கள்.

அலங்கோலப் படம் என்றேன், அதிலும் ஒரு பாடம் இருக்கிறது. மாரியோ ஓடுகிறான், இசை பிசிறில்லாமல் வருகிறது, குதித்தால் குதிக்கிறான். ஆனால் அவன் உடம்பிலும் தரையிலும் எழுத்துத் துண்டுகளும் கட்டங்களும் ஒட்டிக்கிடக்கின்றன. பார்த்தவுடன் 'வீடியோ ஐ.சி. அவுட்' என்பார்கள். இந்தக் கேசட்டுக்குள் பொதுவாக இரண்டு நினைவகங்கள் உண்டு. ஒன்றில் ஆட்டத்தின் நிரல், அது போவது மையச் சிப்புக்கு. மற்றதில் படத் துணுக்குகள், அவை தனிப்பாதையில் படச் சிப்புக்குப் போகின்றன. ஆட்டம் ஒழுங்காக நடந்து உருவம் மட்டும் சிதைந்தால், முதல் பாதையின் பின்கள் நன்றாகத் தொடுகின்றன, இரண்டாம் பாதையில் ஏதோ ஒன்று தொடவில்லை என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். திரும்பவும் பஞ்சுக்குச்சிதான். வேறொரு கேசட்டைப் போட்டும் பாருங்கள். எல்லாக் கேசட்டிலும் ஒரே மாதிரிச் சிதைவு வந்தால்தான் பெட்டியைச் சந்தேகிக்கலாம்.

கன்ட்ரோலரும் இப்படித்தான், நிதானமாகக் கேட்டால் தானே வாயைத் திறக்கும். ஒரே ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யவில்லையா? பின்னாலிருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றி, பட்டனுக்கு அடியிலிருக்கும் ரப்பரைத் தூக்குங்கள். அதன் அடியில் கறுப்புக் கார்பன் பொட்டு இருக்கும். அதையும் போர்டில் அது தொடுமிடத்தையும் துடையுங்கள், தீர்ந்தது. ஒரு பட்டன்கூட வேலை செய்யவில்லையா? ரப்பர் எல்லாம் சேர்ந்து ஒரே நாளில் சாகாது. ஒயர் அறுந்திருக்கிறது. பெரும்பாலும் கன்ட்ரோலருக்குள் நுழைகிற இடத்தில், பிள்ளைகள் இழுத்து இழுத்து மடங்கிய இடத்தில்.

இதில் எனக்குப் பிடித்த கேஸ் மூன்றாவது. 'ஏ' பட்டனை அழுத்தினால் எல்லாப் பட்டனையும் ஒரே நேரத்தில் அழுத்தியதுபோல ஆட்டம் தறிகெட்டு ஓடும், மற்ற பட்டன்கள் எதற்கும் அசையாது. எட்டுப் பட்டனுக்கு எட்டு ஒயர் இல்லை. உள்ளிருக்கும் 4021 என்ற சின்ன ஐ.சி. எட்டின் நிலையையும் ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், பிறகு நான்கு திசைகள் என்ற வரிசையில் ஒரே ஒயரில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும். 'அடுத்தது' என்று சொல்ல ஒரு கிளாக் ஒயர். அது அறுந்தால் ஐ.சி. முதல் பட்டனிலேயே நின்றுவிடும். பெட்டி எட்டுத் தரம் கேட்டாலும் எட்டுத் தரமும் 'ஏ'யின் பதிலையே சொல்லும். மொத்தம் ஐந்து ஒயர்தான். மீட்டரைக் கன்டின்யூட்டியில் வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் தொட்டு, ஒயரை ஆட்டி ஆட்டிப் பார்த்தால் குற்றவாளி பிடிபடுவான்.

கெடாத பெட்டியைக் கெட்டதாகக் காட்டுகிற சமாச்சாரங்களும் உண்டு. அமெரிக்கப் பெட்டியை நம் பழைய டப்பா டிவியில் ஆன்டெனா வழியாக மாட்டினால் படம் கறுப்பு வெள்ளையாக வரலாம், சத்தமே வராது. அதன் ஒளிபரப்பு முறை என்.டி.எஸ்.சி., நம்முடையது பால் (PAL). சத்தத்தை அங்கே படத்திலிருந்து 4.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி அனுப்புவார்கள், நம் டிவி 5.5இல் தேடும். பெட்டியின் பக்கவாட்டிலிருக்கும் ஏ.வி. துளைகளில் மாட்டினால் சத்தப் பிரச்சினை தீரும், இப்போதைய எல்.இ.டி. டிவிகள் பெரும்பாலும் நிறத்தையும் காட்டிவிடும். ஆனால் 'டக் ஹன்ட்' துப்பாக்கியை மட்டும் புது டிவியில் சுட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றாதீர்கள். டப்பா டிவியின் எலெக்ட்ரான் கதிர் வரிவரியாகப் போடும் ஒளித்துடிப்பைத் தேடுவதற்கென்றே செய்தது அது. பிளாட் டிவியில் அந்தத் துடிப்பு கிடையாது, வாத்து சாகாது. டப்பா டிவியைத் திறந்து பார்க்கிற ஆசையும் வேண்டாம். அணைத்த பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட் அதில் தேங்கி நிற்கும்.

'லெஜண்ட் ஆஃப் ஜெல்டா' மாதிரிக் கேசட்டில் சேமித்த ஆட்டம் நிற்கவில்லை என்றால் உள்ளே 3 வோல்ட் சி.ஆர். 2032 பட்டன் செல் தீர்ந்திருக்கிறது. காதுத்தகடு வைத்துப் பற்றவைத்த செல்லாகக் கேட்டு வாங்குங்கள். வெறும் செல்லின்மேல் அயர்னை வைத்தால் வெடிக்கும்.

அப்படியானால் ஐ.சி. போவதே இல்லையா? போகும். அடாப்டர் மாற்றி மாட்டியவை, இடி விழுந்த வீட்டில் பிளக்கில் இருந்தவை, தண்ணீரில் ஊறியவை. என்.இ.எஸ். என்றால் இன்னொரு செத்த பெட்டியிலிருந்து சிப்பை எடுத்து மாற்ற முடியும். பிற்கால டிவி கேம்களில் அதுவும் நடக்காது. திறந்தால் போர்டு நடுவில் எட்டணா அகலத்துக்கு ஒரு கறுப்புப் பிசின் பொட்டு மட்டும் இருக்கும். மொத்தக் கணினியும் அதற்கடியில் புதைந்திருக்கிறது, சுரண்டினால் சேர்ந்து போய்விடும். கரண்ட் சரி, கேசட் சரி, சாக்கெட் சரி, ஆனாலும் படம் இல்லை என்றால் அந்தப் போர்டை விட்டுவிட வேண்டியதுதான். தூக்கிப்போடும் முன் அறுபது பின் சாக்கெட்டையும் 7805ஐயும் கன்ட்ரோலர் ஒயர்களையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். பக்கத்து வீட்டுப் பரணிலிருந்து இறங்கும் பெட்டிக்கு அவைதான் தேவைப்படும்.